கியர் பாக்ஸில் சத்தமா? இறக்குவதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை

மளிகைக் கடைக்குத் தராசு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமாகிவிட்டது இன்று ஒரு சரக்கு வண்டி. மண்டியிலிருந்து மாட்டு வண்டியில் மூட்டை வந்த காலமும், மூன்று சக்கர சைக்கிளில் தெருத்தெருவாகச் சரக்குப் போட்ட காலமும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்து, நம் பக்கத்தில் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரும் வாங்கிய பிறகு, நடுத்தரக் கடைக்காரர்களும் சொந்த வண்டி வாங்கத் துணிந்தோம். 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மொத்த வியாபாரிகளில் பலர் மகிந்திரா பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறார்கள்.

வண்டி வாங்கினோமே தவிர, வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள நமக்கு நேரம் இருந்ததில்லை. டிரைவர் வந்து, “அண்ணாச்சி, கியர் பாக்ஸில சத்தம் வருது” என்கிறார். மெக்கானிக், “பாக்ஸை இறக்கிப் பார்த்தாத்தான் முதலாளி சொல்ல முடியும்” என்கிறார். நாமும் கல்லாவைப் பூட்டிக்கொண்டே, “சரி, இறக்கிப் பாருங்க” என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் வண்டி நிற்கிறது. பட்டறைக் கூலி ஒரு பக்கம், வாடகை வண்டிச் செலவு இன்னொரு பக்கம். இவற்றை விடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. காலை ஆறு மணிக்குள் ஹோட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் போக வேண்டிய சரக்கு இரண்டு நாள் தாமதமானால், மூன்றாம் நாள் அந்த வாடிக்கை வேறு கடைக்குப் போய்விடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “சத்தம்தானே, தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும்” என்று தள்ளிப்போடுவது. ஒரு பேரிங்கோடு போக வேண்டிய செலவு, அந்தப் பேரிங் உடைந்து பல்லுக்குள் விழுந்து, முழு கியர் பாக்ஸையும் கொண்டுபோய்விடும்.

இந்த இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்க நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சத்தம் எங்கே வருகிறது என்று தேடுவதை விட்டு, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கேட்டால் போதும். அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே பழையதா புதியதா என்று சொல்லும் நமக்கு, இந்தச் சோதனை சிரமமானதல்ல. ஸ்பேனரும் தேவையில்லை.

எது எப்போது சுற்றுகிறது?

நாம் பயன்படுத்தும் பெரும்பாலான சரக்கு வண்டிகளில் எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். எஞ்சினின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாப்ட் என்னும் நீண்ட தண்டு வழியாகப் பின்னால் உள்ள ஹவுசிங்குக்குப் போகிறது. டிஃபரன்ஷியல் என்பது அந்த ஹவுசிங்குக்குள் இருப்பதுதான். அங்கிருந்து இரண்டு ஆக்ஸில்கள் சக்கரத்தைச் சுற்றுகின்றன.

கியர் பாக்ஸுக்குள் முக்கியமாக மூன்று தண்டுகள். கிளட்சிலிருந்து சுற்றை வாங்கி உள்ளே கொண்டுவருவது கிளட்ச் ஷாப்ட். அதன் பல்லோடு எப்போதும் பிணைந்து கீழே சுற்றுவது லே ஷாப்ட். கவுண்டர் ஷாப்ட் என்றும் சொல்வார்கள். பின்னால் புரொப்பெல்லர் ஷாப்டுக்குச் சுற்றைக் கொடுப்பது மெயின் ஷாப்ட்.

இதில் நாம் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான். வண்டி நின்றுகொண்டு, நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போது கியர் பாக்ஸ் சும்மா இருப்பதாக நினைக்கிறோம். அது தவறு. கிளட்சை மிதிக்காத வரை கிளட்ச் ஷாப்டும் லே ஷாப்டும் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. கிளட்சை முழுவதும் மிதித்ததும் இரண்டும் நின்றுவிடுகின்றன. அதாவது, பாக்ஸின் பாதியை நம் இடது காலாலேயே ஓடவும் விடலாம், நிறுத்தவும் செய்யலாம். முதல் சோதனையின் அடிப்படை இதுதான்.

நின்ற இடத்தில் செய்யும் சோதனை

கடை வாசலில், சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் சூடாகி நிதானமாக ஓடட்டும். நியூட்ரலில் வைத்து, காலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு கிளட்சை முழுக்க மிதித்துக் கேளுங்கள். ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்தால் நல்லது. வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் படுக்க வேண்டாம்.

கால் எடுத்திருக்கும்போது ‘உர்ர்’ என்று உறுமல் இருந்து, கிளட்சை மிதித்ததும் அது நின்றுவிட்டால், சத்தம் கியர் பாக்ஸுக்குள்தான். கிளட்ச் ஷாப்ட் பேரிங்கோ, லே ஷாப்ட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஆயில் குறைந்திருந்தாலும் இப்படி வரும் என்பதால் முதலில் ஆயிலைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, கால் எடுத்திருக்கும்போது சத்தமில்லாமல் கிளட்சை மிதிக்கத் தொடங்கியதும் ‘கீச்’ அல்லது ‘கரகர’ என்று வந்தால், அது கியர் பாக்ஸ் பேரிங்கே அல்ல. ரிலீஸ் பேரிங் என்னும் கிளட்ச் பேரிங். காலை இலேசாகப் பெடல் மேல் வைத்ததுமே சத்தம் தொடங்கினால் அநேகமாக இதுதான். பெடலை முழுக்க மிதித்து, கியரில் போட்டு, வண்டி நகராமல் நிற்கும்போது மட்டும் வருகிறதென்றால் எஞ்சினின் பிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கையும் சந்தேகப்பட வேண்டும். கிளட்ச் ஷாப்டின் முனை அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. தண்டு நிற்க, எஞ்சின் சுற்ற, அந்தப் பேரிங் அப்போதுதான் வேலை செய்கிறது. சில வண்டிகளில் பேரிங்குக்குப் பதில் புஷ் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிக்க வேண்டியதில்லை. இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. கூலியும் வேறு, நாளும் வேறு. இந்த வித்தியாசம் நமக்குத் தெரியும் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தாலே பேச்சு மாறிவிடும்.

ஒரு சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டு, மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் நிதான ஓட்டத்தில் சற்று அதிர்ந்து அதிர்ந்துதான் சுற்றும். அந்த அதிர்வில் கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று தட்டி ‘கடகட’ என்று கேட்கும். கிளட்சை மிதித்தால் நிற்கும். ஆக்ஸிலேட்டரைச் சற்றே கொடுத்தாலும் நிற்கும். பேரிங் சத்தமோ ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறும். கொடுத்தால் குறைகிறதா, ஏறுகிறதா என்பதைப் பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள். ரிவர்ஸ் கியரில் வரும் ‘ஊங்’ சத்தமும் பெரும்பாலும் இயல்பானதே. முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. பல வண்டிகளில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. நேர்ப் பல் சத்தம் போடும்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

நின்ற இடத்தில் எதுவும் பிடிபடாவிட்டால், நெரிசல் இல்லாத நேரத்தில் சமமான, நேரான சாலைக்குப் போங்கள். டிரைவர் ஓட்டட்டும், நாம் பக்கத்தில் உட்காருவோம். ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடியை ஒரு முறை ஏற்றியும் ஒரு முறை இறக்கியும் கேளுங்கள்.

ஒவ்வொரு கியராகப் போட்டுச் சற்று தூரம் ஓட்ட வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்து மற்றவற்றில் இல்லையென்றால், அந்தக் கியரின் பல்லோ, அது சுற்றும் நீடில் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியரிலும் வந்து, நான்காவதில் மட்டும் குறைகிறதென்றால் அது நல்ல துப்பு. ஐந்து கியர் உள்ள பல பிக்கப் வண்டிகளில் நான்காவது நேரடிக் கியர். அதில் சக்தி லே ஷாப்ட் பக்கம் போகாமல் கிளட்ச் ஷாப்டிலிருந்து நேரே மெயின் ஷாப்டுக்குப் போய்விடும். லே ஷாப்ட் அப்போது பாரமில்லாமல் சும்மா சுற்றும். பாரம் இல்லாதபோது சத்தம் அடங்குகிறதென்றால் கோளாறு லே ஷாப்டின் பேரிங்கில். எந்தக் கியர் நேரடிக் கியர் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டிப் புத்தகத்தில் கியர் விகிதம் 1 என்று போட்டிருப்பது எதுவோ அதுவே.

அடுத்தது நமக்கு மிகவும் பணம் மிச்சப்படுத்தும் சோதனை. சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, எஞ்சினை நிறுத்தாமல், சில விநாடிகள் மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் பக்கம். அல்லது இழுக்கும்போது மட்டும் ஊளையிடும் ஹவுசிங் பல். சத்தம் அப்படியே தொடர்ந்து, வண்டி வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால் அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பொருள். புரொப்பெல்லர் ஷாப்ட், ஹவுசிங், சக்கரப் பேரிங், டயர் இவற்றில் ஒன்று. கியர் பாக்ஸின் பின்பக்கப் பேரிங்கும் இந்தக் கூட்டத்தில் சேரும் என்றாலும், மற்ற நான்கையும் பார்த்த பிறகே அதற்குப் போக வேண்டும்.

அவற்றுக்குள் பிரித்தறிவதும் எளிது. தார் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்குப் போனதும் சத்தத்தின் தன்மை மாறினால் டயர். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது ஏறி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் சக்கரப் பேரிங். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரு குரல், காலை எடுத்தால் இன்னொரு குரல் என்று ‘ஊங்’ மாறினால் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்கள். வண்டியை எடுக்கும்போதும், முன்னுக்குப் போட்டுப் பின்னுக்கு மாற்றும்போதும் ‘டொக்’ என்று ஒரு அடி விழுந்தால் புரொப்பெல்லர் ஷாப்டின் கிராஸ். அந்த ‘டொக்’ எஞ்சின், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் வரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் மாற்றுவது பெரிய செலவல்ல.

நமக்குத் தெரிந்த பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவரின் பிக்கப்பில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஒரு முனகல். ஒரு பட்டறையில் கேட்டார். கேட்டவுடன், “பாக்ஸ் போச்சு, மூன்று நாள் ஆகும்” என்றார்கள். ஆடி முடிந்து கல்யாணச் சரக்கு கிளம்பும் நேரம். அவர் அன்று மாலையே நியூட்ரல் சோதனையைச் செய்து பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. பாரம் ஏற்றியபோது அதிகமாகவும் வெறும் வண்டியில் குறைவாகவும் இருந்தது. அந்த வண்டியின் ஷாப்ட் இரண்டு துண்டு. நீளமான பிக்கப்களில் அப்படித்தான் இருக்கும். நடுவில் ஒரு சென்டர் பேரிங், அதைத் தாங்க ஒரு ரப்பர். ரப்பர் கிழிந்து பேரிங் தொங்கிக்கொண்டிருந்தது. கிராஸ் ஒன்றும் கிரீஸ் காணாமல் காய்ந்திருந்தது. வேறு பட்டறையில் இரண்டையும் மாற்றி, அன்று மாலையே வண்டி சரக்கு ஏற்றியது. கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை. முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்றுகூட நாம் சொல்ல மாட்டோம். காதில் கேட்டதை வைத்துச் சொன்னார், அவ்வளவுதான். முனகல் ஷாப்ட் வழியாக முன்னால் ஏறி, டிரைவர் காலடியில் கேட்கும். இரும்பில் சத்தம் ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் கேட்பது சகஜம்.

கியர் விழும்போது ‘கர்ர்’

ஓடும்போது சத்தமில்லை, கியர் மாற்றும்போது மட்டும் பல் கடிக்கிறது என்றால் அது வேறு கணக்கு. வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு கியர்களைப் பிணைப்பதற்கு முன், ஒரு பித்தளை வளையம் உரசி இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. சிங்க்ரோ ரிங் என்பது அதுதான். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் முதலில் வந்தது. அதற்கு முன் ஓட்டியவர்கள் இரண்டு முறை கிளட்ச் மிதித்துத்தான் கியர் மாற்றினார்கள். பழைய லாரி டிரைவர்களிடம் இந்தப் பழக்கத்தை நாமே பார்த்திருக்கிறோம்.

ஒரு கியரில் மட்டும், அதுவும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மட்டும் கடித்தால் அந்த ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எல்லாக் கியரிலும் கடித்தால் ரிங்குகள் எல்லாம் ஒரே நாளில் தேய்ந்துவிடாது. கிளட்ச் முழுமையாக விடவில்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். இதற்கும் ஒரு சோதனை உண்டு. வண்டி நிற்க, எஞ்சின் ஓட, கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் கிடையாது. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் ஐந்து விநாடியில் உள்ளே எல்லாம் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். அப்போதும் ‘கர்ர்’ என்றால் கிளட்ச் இழுக்கிறது. கேபிள் உள்ள வண்டியில் கேபிளைச் சரிசெய்வதோடும், ஆயில் கிளட்ச் உள்ள வண்டியில் காற்றை எடுப்பதோடும் வேலை முடிந்துவிடலாம். இதைப் பார்க்காமல் பாக்ஸைப் பிரித்து ரிங் மாற்றினால், புது ரிங்கும் சில மாதத்தில் தேயும்.

ஓடும்போதே கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். நேராகப் பட்டறைக்கு. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது கியர் நழுவினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆயில்

கியர் பாக்ஸ் கோளாறுகளில் ஆயிலைப் பார்க்காமல் விட்டதால் வருபவை ஏராளம். எஞ்சின் ஆயிலை நாம் தவறாமல் மாற்றுகிறோம், அதற்குக் கம்பி இருக்கிறது, இழுத்துப் பார்க்கலாம். கியர் பாக்ஸுக்கும் ஹவுசிங்குக்கும் பெரும்பாலும் கம்பி கிடையாது. பக்கவாட்டில் ஒரு போல்ட். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அந்தப் போல்ட்டைக் கழற்றினால் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். விரலை விட்டால் நனைய வேண்டும். நனையாவிட்டால் குறைந்திருக்கிறது. குறைந்த ஆயில் எங்கே போயிற்று என்றும் பார்க்க வேண்டும். கிளட்ச் பக்கம் சீல் கசிந்தால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டு வழுக்கும். பின் சீல் கசிந்தால் ஷாப்ட் முனையில் மண்ணும் எண்ணெயும் அப்பியிருக்கும். ஆயிலை அதிகமாக ஊற்றினாலும் சீல் கசியும். “கொஞ்சம் கூடவே இருக்கட்டும்” என்பது நெய்க் கடைக்குச் சரி, கியர் பாக்ஸுக்குச் சரியல்ல.

எந்த ஆயில் என்பதிலும் கவனம் வேண்டும். கடையில் போய் “கியர் ஆயில் கொடுங்க” என்றால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவில் 80-டபிள்யூ-90 என்று ஒரே எண் இருந்தாலும், பக்கத்தில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று தரக் குறியீடு இருக்கும். ஜி.எல்.-5-இல் பாரம் தாங்குவதற்கான ரசாயனச் சேர்க்கை அதிகம். அது ஹவுசிங் பல்லுக்குத் தேவை. ஆனால் ஜி.எல்.-4 கேட்கும் கியர் பாக்ஸில் அதை ஊற்றினால், அந்த வழுவழுப்பில் பித்தளை ரிங் பிடிக்காது. சில சேர்க்கைகள் பித்தளையை அரிக்கவும் செய்யும். ஆயில் மாற்றிய மறுவாரமே கியர் கடிக்கத் தொடங்கினால் முதலில் டப்பாவைத் தேடி எடுத்துக் குறியீட்டைப் படியுங்கள். பாக்ஸுக்கு எது, ஹவுசிங்குக்கு எது என்று வண்டிப் புத்தகத்தில் இருப்பதை ஒரு தாளில் எழுதி, வண்டிக்குள் ஒட்டிவைப்பது நல்லது. சத்தத்தை அடக்குகிறேன் என்று கெட்டியான ஆயிலோ, வேறு ஏதேனும் பொடியோ கலப்பவர்களும் உண்டு. சத்தம் சில நாள் அடங்கும்; பேரிங் தேய்வது அடங்காது.

பழைய ஆயிலை வடிக்கும்போது நாம் நேரில் இருப்பது நல்லது. வண்டி கொஞ்சம் ஓடிச் சூடாக இருக்கும்போது வடிக்க வேண்டும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் துணுக்கோ, பல்லின் துண்டோ இருந்தால் பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை. ஆயிலில் தங்கத்தூள் போல மின்னினால் பித்தளை ரிங் தேய்கிறது. பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கடைசியாகச் சொன்னது நம் மழைக்காலத்துக்கு முக்கியம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலும் வந்த வெள்ளத்தில் கடையோடு வண்டியும் நீரில் நின்றதைக் கண்டோம். கியர் பாக்ஸுக்கும் ஹவுசிங்குக்கும் மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்தத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அச்சு முழுகும் அளவு நீரில் ஓட்டிய வண்டிக்கு, சத்தம் வரும் வரை காத்திராமல் இரண்டு ஆயிலையும் பார்த்துவிட வேண்டும். அந்தத் துளை சேற்றால் அடைபட்டால் வேறு தொல்லை. உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலும் கசியும்.

பாரமும் பழக்கமும்

முதலில் வந்த ஏஸ் முக்கால் டன் வண்டி. 25 கிலோ அரிசி மூட்டை முப்பது என்றால் 750 கிலோ. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு வரி வந்ததும் 26 கிலோ மூட்டைகள் வந்தனவே, அதே முப்பது மூட்டை 780 கிலோ ஆகிறது. நாம் முப்பதோடு நிறுத்துகிறோமா என்பது நமக்கே தெரியும்.

பாரத்துக்கும் பேரிங் ஆயுளுக்கும் உள்ள கணக்கு நம் வட்டிக் கணக்கை விடக் கடுமையானது. பால் பேரிங்கின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் பாதியாவதில்லை; எட்டில் ஒரு பங்காகிறது. கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதி. சக்கரப் பேரிங்குக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். கியர் பாக்ஸுக்கு வேறு வகையில் வரும். அதிகப் பாரத்தில் டிரைவர் மேல் கியருக்குப் போக முடியாமல் இரண்டாவதிலும் மூன்றாவதிலுமே எஞ்சினை முறுக்கிக்கொண்டு ஓட்டுவார். பல்லும் லே ஷாப்ட் பேரிங்கும் முழு விசையில் அதிக நேரம் உழைக்கும். ஒரு நடையை மிச்சப்படுத்த நினைத்து ஏற்றும் ஐந்து மூட்டை எங்கே போய் வசூலாகிறது பாருங்கள். போதாக்குறைக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாயும் என்று எழுதியிருக்கிறது.

டிரைவரிடம் கோபப்படாமல் சொல்ல வேண்டியவை சில. கிளட்ச் பெடல் மேல் எப்போதும் காலை வைத்திருந்தால் ரிலீஸ் பேரிங் போகும். கியர்க் கம்பி மேல் கையை ஊன்றி ஓட்டினால், உள்ளே கியரைத் தள்ளும் போர்க் தேயும். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறக்கத்தில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பது எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். பிரேக் வலுவிழப்பது ஒரு பக்கம். கியர் பாக்ஸில் ஆயிலை மேலே வாரித் தெளிப்பது அடியில் சுற்றும் லே ஷாப்ட். எஞ்சின் நின்றால் அது நிற்கும். மெயின் ஷாப்ட் மட்டும் ஆயில் இல்லாமல் சுற்றும். பழுதான வண்டியைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கும்போதும் இதே கதைதான். அப்படி இழுக்க வேண்டி வந்தால் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்; நான்கு போல்ட் வேலை. அல்லது பின் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டியை வரவழைக்க வேண்டும்.

பட்டறையில்

“சத்தம் வருது, பாருங்க” என்று விட்டுவிட்டு வரக் கூடாது. “நியூட்ரலில் வருகிறது, கிளட்ச் மிதித்தால் நிற்கிறது, நான்காவதில் குறைவு” என்று எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் இதை விரும்புவார். அவருக்கும் அரை நாள் மிச்சம். அவர் தம் அனுபவத்தில் வேறு சொன்னால் காரணம் கேளுங்கள். இரண்டு நிமிடம் காட்டிச் சொல்ல மனமில்லாதவரிடம் பாக்ஸைக் கொடுப்பதற்கு முன் இன்னொருவரைப் பார்ப்பதில் தவறில்லை.

இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், இறக்கியபோதே செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடுவதுதான் சிக்கனம். ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், முன் பின் சீல்கள் எல்லாவற்றையும் பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்ததை மாற்றிவிடுங்கள். கூலியில் பெரும்பங்கு இறக்கி ஏற்றுவதற்கே. ஆறு மாதம் கழித்து ஒரு சீலுக்காக மீண்டும் இறக்குவது வீண். லே ஷாப்டின் ஒரு முனைப் பேரிங் போயிருந்தால் மறுமுனையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களைப் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேரிங்கில் போலிச் சரக்கு உண்டு. பில்லோடு, நம்பகமான கடையில் நாமே வாங்கிக் கொடுப்பது உத்தமம்.

பில் என்றதும் ஒன்று. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் வியாபாரிகள், சரக்கு வண்டியின் பழுதுச் செலவுக்கும் உதிரி சாமானுக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்களை ஏற்றும் காருக்கு உள்ள தடை சரக்கு வண்டிக்கு இல்லை. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் போடச் சொல்ல வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன் அதே சாலையில் அதே சோதனைகளை மீண்டும் செய்து பாருங்கள். வெறும் வண்டியில் ஓட்டினால் போதாது. சில சத்தங்கள் பாரத்தில்தான் வாய் திறக்கும். முடிந்தால் பத்து மூட்டையாவது ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். வண்டி கடைக்கு வந்த முதல் சில நாள், இரவில் நிறுத்தும் இடத்தில் கியர் பாக்ஸுக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அதில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் அன்றே பட்டறையில் காட்டிவிட வேண்டும்.